வெள்ளை மங்கு ஏறினால் நில்

ஈப்போவில் சாலையைக் கடக்க இப்போது ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் பச்சை நிறத்தில் ஒரு பொம்மை மனிதன் வந்து நடப்பான். நேரம் முடியப்போகிறது என்றால் ஓடத் தொடங்குவான். கண் தெரியாதவர்களுக்காக டிக் டிக் என்று சத்தமும் உண்டு. எல்லோரும் இதை அதிசயமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், காது கேளாத ஒருத்திக்காக நானே ஒரு சிக்னல் செய்தவள். ரப்பர்ப் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு ஐந்து, கொஞ்சம் சாக்குக் கயிறு, அவ்வளவுதான் செலவு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அந்த ஒருத்தி என் தங்கை. பெரும் காய்ச்சலில் விழுந்து, பிழைக்கமாட்டாள் என்று எல்லோரும் கைவிட்ட பிறகு எழுந்து உட்கார்ந்தவள். காய்ச்சல் போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்லுவாள். அவள் ரகசியம் பேசினால் அடுத்த வரிசை லயத்து வீடுகளிலிருந்து பதில் வரும்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் பீடோருக்குப் பக்கத்தில் இருந்தது. பெரிய சாலை அதை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. லயங்களும் ஸ்டோரும் இந்தப் பக்கம், மரவள்ளிக் கொல்லை அந்தப் பக்கம். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு பால்வெட்டு நின்றுவிட்டது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. பால்மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். தோண்டிய கிழங்கைக் கூடையில் சுமந்து, சாலையைத் தாண்டி, ஸ்டோரில் கொட்ட வேண்டும். வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் கிழங்கில் பங்கு. என் வீட்டுக்காரரையும் தங்கை வீட்டுக்காரரையும் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவள் சாலையைக் கடக்காத நாளில் அவளுக்குச் சாப்பாடு இல்லை.

அந்தச் சாலையில் ஒரு வளைவு. ராணுவ லாரிகள் அங்கே ஹாரன் அடிக்காமல் பாய்ந்து வரும். காதுள்ளவர்கள் இரைச்சலைக் கேட்டு ஒதுங்கிக்கொள்வோம். ஒதுங்கினால் மட்டும் போதாது. லாரி போகும்வரை நின்று, இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கவேண்டும். அது ஜப்பான்காரர்கள் போட்ட சட்டம்.

ஒருநாள் தங்கை தலையில் கூடையோடு சாலையில் கால் வைத்தாள். லாரி அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது. சிப்பாய் குதித்து இறங்கி, வணங்கவில்லை என்று கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கிழங்கெல்லாம் சாலையில் உருண்டது.

"எதுக்குக்கா அடிச்சான்? நான் என்னா செஞ்சேன்?" என்று அவள் அத்தனை பேர் முன்னாலும் கத்திக் கேட்டாள்.

கொல்லப் பார்த்தவன் அவன், அடி வாங்கியவள் இவள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் தன் நிழலைப் பார்த்தே பயப்படுபவர்.

"ஏம்மா, அந்தப் புள்ளைய லயத்துலயே வெச்சிரு. செத்துப்போனா யாரு பதில் சொல்றது?"

"பட்டினியா வெச்சிருக்கச் சொல்றீங்களா, கிராணி ஐயா?" என்றேன்.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினேன். சும்மா கிடந்த வெள்ளை மங்குகளில் ஐந்தை எடுத்துக் கொத்தாகக் கட்டினேன். நாங்கள் கடக்கும் இடத்தில் சாலையைப் பார்த்துச் சாய்ந்த ஒரு பால்மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதன் கிளைக் கவட்டில் கயிற்றைப் போட்டு, கொத்தைப் புல்லுக்குள் மறைவாகத் தொங்கவிட்டேன். கயிற்றின் மறுமுனை மேட்டில் நான் கிழங்கு தோண்டும் இடம்வரை போனது. அங்கிருந்து பார்த்தால் வளைவின் இரண்டு பக்கமும் தெரியும். லாரி கண்ணில் பட்டதும் இழுப்பேன். மங்கு புல்லைவிட்டு ஆள் உயரத்துக்கு ஏறும். தங்கை நின்று, கூடையை இறக்கி, குனிந்துவிடுவாள். கயிற்றை விட்டால் மங்கு இறங்கும், அவள் நடப்பாள்.

ஒரு வாரத்துக்குள் காது நன்றாகக் கேட்கும் பெண்களும் மங்கைப் பார்த்தே நடக்க ஆரம்பித்தார்கள். அதில் ஒரு கூத்தும் நடந்தது. ஒருநாள் வளைவுக்கு அப்பால் புழுதி கிளம்பியதைப் பார்த்து லாரி என்று நினைத்துக் கயிற்றை இழுத்துவிட்டேன். வந்தவர் பன்றித் தீனி ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் சீன அண்ணன். எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று அவருக்கு இடுப்பு மடங்கக் குனிந்தார்கள். மனிதர் மிரண்டுபோய்த் தடுமாறி, சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கினார்.

"சாயா புக்கான் ஜெப்புன்லா!" என்று அங்கிருந்தே மலாயில் அலறினார், தான் ஜப்பான்காரன் இல்லை என்று. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவரும் சிரித்தார். அந்த வருஷத்தில் நான் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் ஒருநாள் பிடிபட்டோம். ஒரு லாரி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகக் கடக்கும் இடத்திலேயே நின்றிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வர, நான் யோசிக்காமல் இழுத்தேன். நின்றிருந்த சிப்பாயின் கண் முன்னாலேயே மங்கு ஏறியது. அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேட்டுக்கு வந்துவிட்டான். காட்டில் ஒளிந்து தங்களோடு சண்டை போடுகிறவர்களுக்குச் சைகை காட்டுகிறோம் என்றான். கிராணி மொழிபெயர்த்தார். என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமலேயே தங்கை ஓடிவந்து, "நான்தான் கட்டுனேன்! எங்க அக்காவ விடு!" என்று கத்தினாள்.

"இல்ல, நான்தான். இவளுக்குக் காது கேக்காது. சாலைய தாண்டத்தான் கட்டுனேன்" என்றேன்.

இந்தத் தடவை அறை எனக்கு விழுந்தது. துப்பாக்கிக் கட்டையால் ஐந்து மங்கையும் உடைத்தான், கயிற்றை அறுத்தான். இனி எதையாவது கட்டினால் ஈப்போ லாக்கப்பில் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"ரெண்டு பேரும் கொஞ்ச நாளைக்கு லயத்துலயே கெடங்கலா, கேட்டீங்களா" என்றார் கிராணி.

அவர் வாயசைவைப் பார்த்தே தங்கை புரிந்துகொண்டாள். "நான் என்னா ஆடா, கட்டிப் போட?" என்றாள். லயமே திரும்பிப் பார்த்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகம். இத்தனை நாள் அவள் நின்றாள், லாரி போனது. ஏன் அப்படி? லாரி நிற்கட்டும், அவள் போகட்டும். விடிந்ததும் அவளுக்குக் கையால் சொல்லிக் காட்டினேன்: என் முதுகு குனிந்தால் நீ நட.

கிழங்குக் கூடையோடு நான் முன்னால் போனேன். சாலையின் நடுவில் கூடையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பயமில்லை என்றால் பொய். வளைவுக்கு அப்பால் இரைச்சல் கேட்டதும் லாரி வரும் திசையைப் பார்த்து, இடுப்பு மடங்க, நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தேன்.

பிரேக் அலறியது. அதுவரை ஒருநாளும் அடிக்காத ஹாரனை அடித்தார்கள். நான் அசையவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தார்ச்சாலையும் என் கால்விரல்களும் எதிரே வந்து நின்ற ஒரு ஜோடி பூட்சும்தான். அவன் ஏதேதோ கத்தினான்.

"ஹொர்மாட், துவான்" என்றேன் குனிந்தபடியே. மரியாதை செய்கிறேன், ஐயா. நீ போட்ட சட்டம்தானே? வணங்கினால் அடிப்பாயா?

பூட்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்தில் கூடைகள் இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஓரக்கண்ணால் பார்த்தேன். எங்கள் பெண்கள் சாலையை அடைத்துக்கொண்டு, என்னோடு வரிசையாகக் குனிந்திருந்தார்கள். அந்த வரிசைக்குப் பின்னால் தங்கையின் வெறுங்கால்கள் நடந்து போவது என் கால்களுக்கிடையே தெரிந்தது. ஓடவில்லை. அவசரப்படவும் இல்லை.

பிறகு ஸ்டோர் பக்கத்திலிருந்து, சிப்பாய்க்கும் கிராணிக்கும் தோட்டம் முழுவதற்கும் கேட்கும்படி அவள் குரல் வந்தது.

"அக்கா, நான் வந்துட்டேன்! நீ நிமிரு!"

நிமிர்ந்தேன்.