பேத்தி கேட்ட மோர்

மனைவி இறந்த பிறகு பரளச்சி வீட்டில் நான் ஒற்றை ஆள். போன கோடையில் டென்மார்க்கிலிருந்து மகள் பேத்தியோடு வந்து பத்து நாள் இருந்தாள். மூன்று வயதுப் பேத்தியை அதுவரை போனில்தான் பார்த்திருந்தேன்.

மூன்றாம் நாள், வாரிசுச் சான்றிதழ் விஷயமாக மகள் திருச்சுழிக்கு பஸ் ஏறினாள். "தூங்குறாப்பா, எந்திரிக்கிறதுக்குள்ள வந்துருவேன்." அவள் போன கொஞ்ச நேரத்திலேயே பேத்தி எழுந்துவிட்டாள். அறை அறையாகத் தேடினாள். பிறகு வாசற்படியில் நின்று, "மோர்... மோர்..." என்று அழ ஆரம்பித்தாள்.

வெயிலுக்குத் தாகம் போல என்று நினைத்தேன். மோர் கலக்கி டம்ளரில் நீட்டினேன். தட்டிவிட்டாள். சர்க்கரை போட்டுப் பார்த்தேன். "இந்தா தாயி, மோருதான்" என்று கெஞ்சினேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுகையை நிறுத்தி, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. முன்னைவிடச் சத்தமாக அழுதாள். தூக்கப் போனேன், பயந்து ஒதுங்கினாள்.

மகள் திரும்பி வந்ததும் சொன்னேன்: "மோரு வேணும்னு அழுதுச்சு. குடுத்தா குடிக்க மாட்டேங்குது."

அவள் முகம் மாறிப்போனது. "அப்பா, டென்மார்க் பாஷையில மோர்னா அம்மா. அங்க நர்சரியில பழகிக்கிட்டா."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விவரம் சொன்னாள். பழைய காலத்தில் அது கொஞ்சம் நீளமான சொல்லாம். பேச்சில் தேய்ந்து மோர் ஆகிவிட்டதாம். மருமகனுடைய சொந்த ஊர் பிரான்சின் மேற்குக் கடற்கரை. அங்கே பழைய ஆட்கள் பேசும் பிரெத்தோன் மொழியில் மோர் என்றால் கடல்.

"ரெண்டும் ஒரே சொல்லா?"

"இல்லப்பா. கப்பல்காரவுக 'மரைன்'னு சொல்றாகள்ல, கடலுக்குச் சொல்ற மோர் அதுக்குத்தான் சொந்தம். சத்தம் மட்டும் ஒண்ணு. நம்ம மோருக்கும் இதுகளுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல."

பேத்தி கடற்கரையில் "மோர்" என்று கூப்பிட்டால், சம்பந்தி முதலில் கடலைக் கைகாட்டிச் சிரிப்பாராம். பிறகு தாயிடம் கொண்டுவந்து விடுவாராம். அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாரம் தவறாமல் போனில் பேசிய நான், பிள்ளை தன் தாயை எப்படிக் கூப்பிடும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"என்னைய என்ன சொல்லிக் கூப்புடணும்?"

"மோர்ஃபார். அம்மாவோட அப்பா."

மிச்சமிருந்த நாட்களில் பேத்தி என் பக்கம் வரவே இல்லை. மதுரை விமான நிலையத்தில் தாயின் தோளில் சாய்ந்தபடி கை மட்டும் அசைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் 'மோர்ஃபார்' என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"யாரக் கூப்புடுறீக?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"யாரையும் இல்லைங்க" என்றேன்.