வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை

என் தம்பிக்குப் பெயிண்ட் கடையில் பட்டப்பெயர் 'மிஷின்'. நிறம் கலக்க அங்கே நிஜமாகவே ஒரு மிஷின் உண்டு. அது சொதப்பினால் சரிசெய்வது இவன்தான். சுவரிலிருந்து பெயர்ந்த நகமளவு சில்லைக் கொடுத்தால் போதும், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவான். வெள்ளையிலேயே பதினான்கு வெள்ளை இருக்கிறது என்பான். எனக்குத் தெரிந்து வெள்ளை ஒன்றுதான். நாலு தடவை துவைத்தால் அதுவும் போய்விடும்.

பதினோரு வருடமாக அவன் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். ஆரம்பத்தில் மாட்டவே மாட்டேன் என்று நின்றான். நானும் அம்மாவும் பொடித்து டீயில் கலந்து கொடுத்தோம். ஒருநாள் டம்ளர் அடியில் மாவு மாதிரி கிடந்ததைப் பார்த்துவிட்டான். அப்புறம் மூன்று வாரம் எங்கள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. உடம்பு தேறியதும் ஒன்றே ஒன்று கேட்டான்: "இனிமே எதுவானாலும் என்கிட்ட சொல்லிட்டுச் செய்க்கா." தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து தினமும் அவனே டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு விழுங்குவான்.

போன மாதம் மருந்துக்கடைக்காரர் வேறு டப்பாவைப் பையில் போட்டுவிட்டார். "அது ஸ்டாக் இல்லம்மா. இதுவும் அதே மருந்துதான், கம்பெனிதான் வேற. வீட்ல சொல்லிடுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. எதற்கு அவன் வயிற்றில் புளியைக் கரைப்பானேன் என்று, ஒரு மாத்திரை மிச்சமிருந்த பழைய டப்பாவில் புதியதைக் கொட்டிவிட்டேன். அதுவும் வட்டம், இதுவும் வட்டம், இரண்டும் வெள்ளை. வெள்ளையைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவனிடம் வெள்ளையை ஒளித்த புத்திசாலி நான்.

மறுநாளிலிருந்து அவன் ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தான். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "மாத்திரை போட்டுக்கட்டுமாக்கா?" என்பான். என்ன திடீர்ப் பாசம் என்று எனக்குச் சிரிப்பு வரும். "போடுடா, போடு" என்பேன்.

ஒன்பதாம் நாள் கடை முதலாளி போன் செய்தார். "என்னம்மா ஆச்சு? பச்சை கேட்டா நீலம் கலந்து வச்சிருக்கான். ஏன்டான்னா அழறான். வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

நேராக மருந்துக்கடைக்குப் போய்க் கத்தினேன். "உங்க மாத்திரை என் தம்பியைக் கெடுத்துடுச்சு!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "மருந்து அதேதாம்மா... அவர்கிட்ட சொன்னீங்கல்ல?"

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தேன். தம்பி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிரே பெயிண்ட் நிற அட்டை. அதில் ஒரு மாத்திரை தனியாக, ஒன்பது மாத்திரை வரிசையாக ஒட்டியிருந்தது. ஒன்பது நாளாக அவன் எதையுமே விழுங்கவில்லை.

"இது பழசு. இது ஒன்பதும் வேற. லேசா மஞ்சள் அடிக்குது" என்றான்.

"மொதல் நாளே தெரியுமாடா?"

"தெரியும். நீ சொல்லுவேன்னு பாத்தேன். தினமும் கேட்டேனேக்கா."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நோய் திரும்பத் தலைகாட்டியதுகூட என்னை இப்படி அதிர வைக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு, அவன் காதிலும் விழும்படி வைத்தேன். என்னை நன்றாகத் திட்டிவிட்டு, அதே மருந்துதான், இன்றே ஆரம்பிக்கலாம் என்று அவனிடம் சொன்னார். கேட்ட கையோடு ஒன்றை எடுத்து விழுங்கினான்.

"கறுப்பா இருந்தாலும் முழுங்கியிருப்பேன். சொல்லியிருந்தா போதும்."

மனசு கொஞ்சம் ஆறி, டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். டம்ளரை என் பக்கம் தள்ளினான்.

"நீ ஒரு வாய் குடிக்கா."

குடித்தேன். என் தொண்டையில் அது இறங்கும்வரை பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

இப்போது வேலைக்குப் போகிறான், நிறமெல்லாம் சரியாக வருகிறதாம். தினமும் காலையில் அவன் டீயில் முதல் வாய் நான்தான் குடிக்கிறேன்.