வரியும் நிகுதியும்

சாந்தம்மாளிடம் "உக்காரு" என்று சொல்லிவிட்டால் வினைதான். அதற்கப்புறம் காரியம் முடிகிறவரை அவள் உட்காரமாட்டாள். சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற அந்த எஸ்டேட் லயத்தில் இது எல்லாருக்கும் தெரியும்.

கொழுந்து பறிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. புருஷனும் இல்லை. எஸ்டேட்டில் பேர் இன்னும் வெட்டாததால் லயத்து வீடு மட்டும் மிச்சம். கீழே ஒரு ஹோம்ஸ்டேக்கு போனில் ரூம் புக்கிங் பார்த்துக் கொடுக்கிறாள், அதில்தான் அடுப்பு எரிகிறது. லயத்திலோ நெட் எடுக்காது. தண்ணித் தொட்டி மேட்டுக்கு நொண்டி நொண்டி ஏறினால்தான் மெசேஜே வரும். அதற்குள் கேட்டவர்கள் வேறு ரூம் பார்த்துப் போய்விடுவார்கள். இந்த மாசத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போடுவதாக ஹோம்ஸ்டேக்காரர் சொல்லிவிட்டார்.

முதலில் பஞ்சாயத்து ஆபீசுக்குத்தான் போனாள். "நாங்களும் வரி கட்டுறோம்ல சார். எங்க லயத்துக்கும் நெட்டு குடுங்க" என்றாள்.

கிளார்க் ஜின்சன் நல்ல மனுஷன்தான். "வரி கட்டின கம்பெனியில போய்ச் சொல்லணும் சேச்சி. இங்க எதுக்கு வந்தீங்க?" என்று அனுப்பிவிட்டார். அவர் மலையாளத்தில் வரி என்றால் சந்தா. சர்க்காருக்குக் கட்டுவது நிகுதி. காலமெல்லாம் மலையாளம் கேட்டு வளர்ந்தவள், அவசரத்தில் தமிழ் வார்த்தையை விட்டுவிட்டாள். திரும்பி வரும்போது ஜீப்பில்தான் உறைத்தது. ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள். சரி, முதலில் அந்த வரியையே கட்டிப் பார்ப்போம்.

மாரியம்மன் திருவிழாவுக்கு லயத்தில் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி உண்டு. அதே மாதிரி நெட்டுக்கும் போட்டால் பஜார் கேபிள்காரர் மேலே வயர் இழுத்துத் தரத் தயார். கோயில் கூட்டத்தில் இதைச் சொன்னாள்.

"விருப்பப்பட்டவங்க குடுக்கட்டும்" என்றார் கோயில் தலைவர் பெரியமுத்து.

"விருப்பத்துக்கு விட்டா நாலு வீடு குடுக்கும், மிச்சப் பேரெல்லாம் பாஸ்வேர்டு கேட்டு வருவாங்கண்ணே."

"சர்க்கார் செய்ய வேண்டியதுக்கு நாம ஏன் அழணும்? தீப்பெட்டி வாங்குனாக்கூட அவனுக்கு வரி போகுது. உன் பொழப்புக்கு ஊரே காசு போடணுமா? நீ அரை வரிக்காரி. உக்காரு!"

ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அங்கே அரை வரி. அரை வரி கட்டுகிறவளுக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது. இரக்கம் காட்டுகிற மாதிரி காட்டி வாயைக் கட்டுகிற வித்தை இது.

சாந்தம்மாள் உட்காரவில்லை. "அப்ப இன்னியிலருந்து என் வீட்டுக்கு முழு வரி எழுதுங்க. இப்பப் பேசலாம்ல? வருசா வருசம் சாமியாடுறது நீங்க ஒருத்தர்தான். உங்க ஆட்டத்துக்கு நாங்க ஏன் கட்டணும்னு எவளாச்சும் கேட்டோமா?"

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு கிளம்பியது. பெரியமுத்து முறைத்துப் பார்த்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெட்டுக்கும் தலைக்கட்டு வரி எழுதியாயிற்று. மாசம் முடிவதற்குள் வயரும் வந்துவிட்டது. சாந்தம்மாள் தன் வாசலில் நின்றபடியே முதல் புக்கிங்கைப் பிடித்தாள். வேலை தப்பியது.

வேறு யாராவதாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். அடுத்த வாரமே அவள் பெரியமுத்து வீட்டு வாசலில் நின்றாள். "சர்க்கார் செய்யணும்னு சொன்னீங்கள்லண்ணே? நியாயந்தான். கிளம்புங்க."

பஞ்சாயத்து ஆபீசில், பெரியமுத்துவோடு வந்து நின்றவளை ஜின்சனுக்கு அடையாளம் தெரிந்தது. "நெட்டு வந்துடுச்சாமே சேச்சி? பின்ன என்ன வேணும்?"

"வரி கட்டுனோம், வயர் வந்துருச்சு" என்றாள் சாந்தம்மாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, அன்றுதான் உட்கார்ந்தாள், பதில் வாங்காமல் எழுந்திருக்கிறதாக இல்லை. "நிகுதியும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம் சார். அதுக்கு உள்ளது எங்க?"