எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கட்டம்

ரெஜிஸ்டர் சாரின் மனைவி செய்யும் தையல் வேலையைப் பற்றி எங்கேயோ ஒரு பெரிய ஆடை நிறுவனம் எழுதியிருக்கிறதாம். சேதி அவர் காதில் விழுந்தது வீட்டில் அல்ல, வேலை பார்க்கும் கட்டடத்தின் லிஃப்ட் வாசலில். சொன்னவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு முடிதிருத்துபவர் சொன்னாராம்.

"முடிதிருத்துறவருக்கு யார் சொன்னது?"

"உங்க மச்சான்தான் சார். வெட்டிக்கிட்டு இருக்கும்போதே தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாராம். காது தப்பிச்சதே பெரிசு. தினம் எண்ணூறு பேர் அம்மாவோட வெப்சைட்டைப் பாக்குறாங்களாமே! இனி நீங்க எதுக்கு சார் இந்த வாசல்ல உக்காரணும்?"

சிரித்து வைத்தார். அன்று மாலை ஐந்து மணிக்கு, தையல் கடை போடுவதற்காக, மூலைக்கடையின் குத்தகைப் பத்திரத்தில் மனைவி கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அந்த எண்ணூறு பேரை நம்பித்தான்.

இருபத்தாறு வருடமாக அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் வாசல் மேஜை அவருடையது. வருகிறவர்கள், அவருக்கு 'ரெஜிஸ்டர் சார்' என்ற பட்டம் தந்த பெரிய பதிவேட்டில் ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும்: பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம். பேனாவை மேஜையோடு நூலால் கட்டியிருந்தார். நூல் மனைவியின் உபயம். மற்றவர்களுக்கு அது வெறும் நோட்டு. அவருக்கோ தினம் ஒரு அத்தியாயம் வளரும் கதை. இரண்டாவது கட்டத்தில்தான் ஆட்கள் கூசாமல் பொய் எழுதுவார்கள் என்பது அவர் அனுபவம். அங்கே யாரும் சான்று கேட்பதில்லை. மூன்றாம் மாடித் தட்டச்சுக்காரியைப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்த ஒரு வாலிபன், ஒரு வருடம் முழுக்க 'பக்கத்துத் தெரு' என்றே எழுதினான். கல்யாணப் பத்திரிகையில்தான் அவன் ஊர் தெரிந்தது.

மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மனைவி அதற்குள் வெளியே போகும் செருப்பை மாட்டியிருந்தாள். முன்னறையில் ஜிப் மாற்றவும் காற்சட்டை விளிம்பு மடிக்கவும் துணிகள் குவிந்து கிடந்தன. மெஷின் ஜன்னலோரம். அந்த வெளிச்சத்துக்காகவே இந்த வீட்டைப் பிடித்தவள் அவள்.

"ஏங்க, சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. தரகர் காத்திருப்பார்."

"உன் தம்பி எங்கே?"

"இதோ இருக்கேன் மாமா!" மச்சான் மடிக்கணினியோடு சமையலறையிலிருந்து வந்தான். வாயில் பிஸ்கட். வெப்சைட் அவன் கைவேலை. ஆறு மாதமாக அதைச் சொல்லாத நாள் கிடையாது. "வந்தவங்க எந்த வெப்சைட்டுலேருந்து வந்தாங்கன்னு இதுலயே விழும். பாருங்க."

ரெஜிஸ்டர் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முடி கொட்டாத தைலம். லாரி டயர். சூதாட்டம். நடுவில் அந்த ஆடை நிறுவனம், ஒரே நாளில் நூற்றுப்பத்து முறை.

"லாரி டயர் வாங்குறவனுக்கு எதுக்குடா ஜிப் மாத்தணும்?"

"அவனும் காற்சட்டை போடுறான்ல மாமா?"

"வந்த நேரம், போன நேரம் இருக்கா?"

மச்சான் எதையோ அழுத்தினான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு இருக்கு. பூஜ்யம் நொடி."

"மத்தவங்க?"

"அதுவும்... பூஜ்யம்தான்."

"அந்தக் கம்பெனி என்னைப் பத்தி எழுதியிருக்குன்னியே, படிச்சியா?" என்று அக்கா கேட்டாள்.

"எழுதாமலா இத்தனை பேரை அனுப்புவான்னு நெனச்சேன்க்கா. இப்பவே திறந்து பாக்குறேன்."

"தொடாதே!" ரெஜிஸ்டர் சார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு வேண்டியதே அதுதான். எங்க வாசலுக்கு ஒரு மெத்தைக்காரன் வருவான். யாரையும் பாக்க மாட்டான். எங்கிருந்துன்னு போட்டிருக்கிற கட்டத்துல கொட்டை எழுத்துல 'சொகுசு மெத்தை, மலிவு விலை'ன்னு போன் நம்பரோட எழுதிட்டுப் போயிடுவான். வந்த நிமிஷமே போன நிமிஷம். பின்னால நோட்டைப் புரட்டுறவன் படிப்பான்ல? அதுக்குத்தான். மேனேஜரே ஒண்ணு வாங்கினார். இடுப்பு போச்சு. இவங்களும் மெத்தைக்காரங்கதான். இங்க ஆள்கூட வரலை, நாம தேடிப் போய்ப் பாக்கணும்னு பேரை மட்டும் கிறுக்கிட்டுப் போயிருக்காங்க."

மனைவி செருப்புக் காலோடு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவருக்குச் சட்டென்று தன் மேலேயே கோபம் வந்தது. கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

"அவங்களைக் கழிச்சா எத்தனை பேருடா?" என்றாள் கடைசியில்.

மச்சான் கழித்தான். வெகுநேரம் கழித்தான். "நேத்து ஒன்பது பேர்க்கா. அதுல ஒருத்தர் ஜிப் பத்தின பக்கத்துல பதினாலு நிமிஷம் இருந்திருக்கார். இன்னைக்குக் காலைலயும் வந்து பாத்திருக்கார்."

"ஒன்பது." ஜன்னலைப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள். "எண்ணூறு பேருக்கு எப்படித் தைக்கிறதுன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை தெரியுமா? அந்த மூலைக்கடைல பகல்லயே விளக்குப் போடணும். ஒன்பது பேர்னா இந்த ரெண்டு கையே போதும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"ஊரே சந்தோஷமா இருந்துச்சு. நான் எங்கே சொல்ல?"

கடை வேண்டாமென்று தரகரிடம் அவளே போனில் பேசினாள், இரண்டே வாக்கியத்தில். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு, முடிதிருத்துபவரிடம் இனி எந்த முகத்தோடு போவது என்றான். "முடியை வளர்த்துக்கோ" என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தார்கள். ரெஜிஸ்டர் சார் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அன்று அது கொதிக்கும் சத்தம்கூட அவருக்கு நன்றாக இருந்தது.

அவள் ஒரு நீலச் சட்டைக்கு ஊசி குத்தத் தொடங்கியிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். அவள் வாய் நிறையக் குண்டூசி. எடுங்கள் என்று கையால் சைகை காட்டினாள்.

"பதினாலு நிமிஷக்காரரா இருக்கும் மாமா, எடுங்க!"

"இருடா, பேனா எங்கே? வந்த நேரம் எழுத வேண்டாமா?"

மேஜையில், துணிக்கடியில், சட்டைப்பையில் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் பேனாவை யாரும் நூலால் கட்டி வைக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.