திரியாய்க்குப் பக்கத்தில் நின்ற குளக்கட்டு

திரியாய்க்குக் கிட்ட வந்ததும் புல்மோட்டை பஸ் நின்றுவிடுகிறது. மழை விட்டிருக்கிறது. ஆனால் வீதியோரக் குளத்தின் பழைய மண்கட்டில் ஓட்டை விழுந்து, வெளிப்பக்கம் கலங்கல் தண்ணீர் பீறிடுகிறது. ஊரே கூடி உரப்பைகளில் மண் நிரப்புகிறது. சாரதி காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்க, நாங்களும் பின்னால் இறங்குகிறோம்.

மூட்டைகள் கைமாறிப் போகின்றன. குளத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவற்றை வாங்கி, ஓட்டைக்குள் மிதித்து இறுக்குகிறார் ராசமலர் என்ற பெண். கட்டுக்கு நேர் கீழே தெரிவது அவருடைய வீடு.

"அக்கா, வீட்டுச் சாமானை எடுத்திட்டீங்களா?" என்று கேட்கிறேன்.

"இல்லைத் தம்பி. கட்டு உடைஞ்சா வீடு மட்டுமே போகும்? குளம் வத்தினா ஊர்க் கிணறெல்லாம் வத்திப்போகும். கோடைக்குக் குடிக்க என்ன செய்யிறது? கதைக்காமல் மூட்டையைத் தாங்கோ!"

தருகிறேன். தோள் எரிகிறது. பீறிட்ட தண்ணீர் மெலிகிறது, பிறகு கசிகிறது.

"நிண்டிட்டுது! நிண்டிட்டுது!" என்று மறுபக்கத்தில் நிற்பவர் கத்துகிறார்.

ராசமலர் நம்பாமல் மேலே ஏறி வந்து எட்டிப் பார்க்கிறார். கீழே ஈரமண் மட்டும்தான். இரண்டு கைகளையும் உயர்த்தி அவர் கூவ, கட்டு நெடுக எல்லோரும் கூவுகிறோம். சேறு பூசிய முகங்களில் யார் ஊர்க்காரர், யார் பயணி என்றே தெரியவில்லை.

"ஒருத்தரும் பஸ் ஏற ஏலாது!" என்கிறார் ராசமலர். "என்ர வீடு நிக்குது, குசினி நிக்குது. சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

முதல் ஆளாகச் சாரதிதான் அந்த வீட்டை நோக்கி நடக்கிறார்.