புளி போட்டுத் தேய்த்த காசு

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. பழைய வெள்ளிக்காசு சேர்ப்பது என் பைத்தியம். முப்பது வருடப் பைத்தியம் என்பதால், காசு நல்லதா போலியா என்று கேட்க என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அண்ணன், தம்பி, நடுவில் பிறந்த கல்யாணமாகாத ஒரு பெண். தாயாரின் கருமாதி முடிந்த கையோடு, சாமித் தட்டில் இருந்த ஐந்து காசுகளைப் பங்கு பிரிக்கும் முன் என்னிடம் காட்ட வந்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து ராஜா தலை போட்ட காசுகள். படுக்கையில் கிடந்த தாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவளும், அந்தத் தட்டுக்கு விளக்கேற்றி வந்தவளும் அந்தப் பெண்தான்.

துணியைப் பிரித்ததுமே முகம் சுளித்தேன். நூறு வருடக் காசு கறுத்து மங்கியிருக்க வேண்டும். இவை நேற்று வாங்கிய எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னின. ராஜாவின் மூக்கும் காதும் மழுங்கியிருந்தன. விளிம்புக் கோடுகள் பாதி இல்லை. தராசில் ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்கு மேல் குறைந்தது. மேசையில் சுண்டிப் பார்த்தபோது ஒலி மட்டும் சரியாகத்தான் கேட்டது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

"அண்ணே, வெள்ளிக்கிழமையானா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன்லா. அம்மா காலத்துலருந்து அப்படித்தான்," என்றாள் அவள்.

"புளி போட்டா எடை குறையுமாம்மா?" என்று கேட்டுச் சிரித்தேன். "அஞ்சும் போலி."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில இந்த மாதிரி போலி கொட்டிக் கிடக்குது. நல்லத வித்துட்டு இத வச்சிட்ட, அப்படித்தானே?"

"நான் மாத்தலண்ணே. அம்மா மேல சத்தியம்."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். ஆரம்பத்திலிருந்தே போலியாக இருந்திருக்கலாமே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டுச் சண்டை நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். போதாக்குறைக்கு, போலி எப்படியிருக்கும் என்று மற்றவர்களுக்குக் காட்ட ஒரு காசைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மிச்சம் நான்கையும் அண்ணன் போகிற வழியில் பாலத்திலிருந்து ஆற்றில் வீசினானாம். அந்த வாரமே அவளை வீட்டை விட்டு அனுப்பினார்கள். இப்போது கையுறைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். திருட்டுப் பட்டமும் கூடவே போனது.

அந்தக் காசு இரண்டு வருடம் என் கண்ணாடிப் பெட்டியில் 'போலி' என்ற சீட்டோடு கிடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிப் பெருமையாகப் பாடம் நடத்தினேன். பினாங்கிலிருந்து ஒரு வியாபாரி உலோகம் சோதிக்கிற கருவியோடு வந்தபோது, விளையாட்டாக அதையும் வைக்கச் சொன்னேன். அவர் எண்களைப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்தார்.

"அசல் காசுய்யா. பாவம், யாரோ வருஷக்கணக்கா சாம்பல் போட்டுத் தேச்சுத் தேச்சே கரைச்சிருக்காங்க."

அவள் வாய்திறந்து சொன்னதைத்தான் நான் சிரித்து மூடினேன். அவள் முகத்தில் விழிக்கத் துணிவில்லாமல், முதலில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காசை அவன் கையில் கொடுத்து, தப்பு என்னுடையது, உன் தங்கச்சி எதையும் மாற்றவில்லை என்று சொன்னேன்.

அவன் காசை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப இது ஒண்ண மட்டும் மாத்தாம விட்டிருக்கா."

"இல்லப்பா, அஞ்சும் ஒரே மாதிரி தேஞ்சிருந்திச்சு. நான்தான் சரியா பாக்கல."

"அன்னிக்கும் நீங்கதானே பாத்துச் சொன்னீங்க? ஆத்துல போட்ட நாலையும் எடுத்துட்டு வந்து காட்டுங்க, நம்புறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.