வாசலோடு நின்ற பூட்ஸ்

எனக்கு நீந்தத் தெரியாது. தொண்ணூறுகளில் என் மகள் புனேயில் நகராட்சிக் குளத்தில் நீச்சல் கற்றபோது, அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். மற்ற அப்பாக்கள் பேப்பர் படித்தார்கள். நான் அவள் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை கொஞ்ச நேரம் தெரியாவிட்டால் எழுந்து நின்றுவிடுவேன். கரையேறி வந்து, "அப்பா, நீங்க நின்னா எல்லாரும் என்னைப் பாக்காங்க" என்று கோபித்துக்கொள்வாள்.

பத்து வருடம் போனது. புனேயிலேயே ஹிஞ்சேவாடியில் வேலை கிடைத்த மறுவருடம், ஸ்கூபா கற்கப்போவதாகச் சொன்னாள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போவது.

"கடலே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு இது என்னளா ஆசை?" என்றாள் என் மனைவி. புனேக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அவளுடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

"டென்ஷன் நகோ, டென்ஷன் வேண்டாம்மா. மொதல்ல பூல்லதான் சொல்லிக்குடுக்காங்க. கடல் எல்லாம் அப்புறம்."

சொல்லிக்கொடுத்தவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை 'சர்' என்றுதான் அழைத்தார்கள். நாலு மாதம், ஞாயிறுதோறும் குளத்தில் பயிற்சி. வெளியிலிருந்து கொண்டுவரும் சாமான் எதையும் அந்தக் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். எல்லாம் அங்கேயே இரவல். கடலுக்குப் போகும்போது மட்டும் அவரவர் சொந்தமாக இரண்டு பொருள் வைத்திருக்க வேண்டும் என்றார் சர்: கனத்த ரப்பர் துணியில் தைத்த பூட்ஸ், காலில் மாட்டும் துடுப்பு. துடுப்பை அவர்கள் ஃபின்ஸ் என்பார்கள். என் மனைவி வாத்துக்கால் என்பாள்.

கொங்கண் கரையில் அவர்கள் இறங்கப்போகும் இடத்தில் படகு கிடையாது, கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் போக வேண்டும் என்று மகள் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. காலுக்குக் கீழே தரை இருக்குமே. அதுதான் கஷ்டமானது என்று அவள் பிறகு விளக்கினாள். முழங்கால் உயரத்தில் அலை உடைகிறது. தரையில் பாறை. முதுகில் சிலிண்டரின் பாரம். ஃபின்ஸ் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க முடியாது, தடுக்கிவிடும். அதனால் பூட்ஸோடு இடுப்பளவு தண்ணீர் வரை நடந்துபோய், கூட வருபவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, அங்கேதான் மாட்ட வேண்டும். இரண்டு அலைக்கு நடுவில் மாட்டி முடித்துவிட வேண்டும்.

அந்த ஒற்றைக் கால் விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. நான் புனேக்குப் பக்கத்தில் சாகணில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ரப்பர் எனக்குத் தெரியும். ஃபின்ஸை நானே தேர்ந்தெடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் ஆபீஸில் அச்செடுத்துத் தந்த தாள்களைக் கம்பெனி பஸ்ஸில் போகவர மூன்று வாரம் படித்தேன். பாதம் முழுவதையும் மூடும் வகை ஒன்று. அது வெறுங்காலுக்கு, படகுக்கு. குதிகால் திறந்து, பின்னால் பட்டை வைத்தது இன்னொன்று. அது பூட்ஸின் மேல் போட, கரையிலிருந்து இறங்குபவர்களுக்கு. பட்டையில் பக்கிள் இருந்தால் மண் புகுந்து மக்கர் பண்ணும். எஃகுச் சுருள் வைத்த பட்டை என்றால் ஒரு விரலால் இழுத்து விட்டால் போதும். தண்ணீரைத் தள்ளும் தட்டையான அலகு குட்டையாக இருக்க வேண்டும். நீளமென்றால் பாறையில் இடிக்கும். புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர் மும்பையிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்.

சாமான் வந்த அன்று மகளையும் கூட்டிப்போனேன். பூட்ஸ் அப்போது இல்லை. எல்லோருக்குமாகச் சேர்த்து சர் வாங்கிவருவதாக ஏற்பாடு. அவள் வெறுங்காலில் ஃபின்ஸைப் போட்டுப் பார்த்தாள். நான் அலகை வளைத்தேன், பட்டையை இழுத்து விட்டேன், ரப்பரை முகர்ந்துகூடப் பார்த்தேன். மீடியம் கச்சிதமாக இருந்தது. பூட்ஸுக்கு மேலே என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள் என்று கடைக்காரர் இந்தியில் சொன்னார். லார்ஜில் அவள் பாதம் ஆடியது. லூஸாக இருந்தால் அலை பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்றேன் நான். பூட்ஸ் வந்ததும் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், பத்தாவிட்டால் மாற்றித் தருகிறேன் என்றார் அவர். சரி என்று தலையாட்டினேன்.

பூட்ஸ் கிடைத்தது கிளம்புவதற்கு முந்தின நாள். சாயங்காலம் அவள் எங்கள் காசார்வாடி வீட்டுக்கு வந்தபோது என் மனைவி அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாள். எங்கள் கதவுக்கு வெளியே இரும்பில் ஒரு செருப்பு ஸ்டாண்டு உண்டு. காலில் போடுவது எதுவும் அதைத் தாண்டி உள்ளே வராது. ஃபின்ஸை நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அது ஒரு வாரமாக ஹாலில் சோபாவின் மேல்தான் இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினேன். பூட்ஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தது.

வாசலில் நின்றபடியே மகள் கேட்டாள்: "அப்பா, பூட்ஸ உள்ள எடுத்துட்டு வரட்டா? ஃபின்ஸோட ஒரு தடவ ட்ரை பண்ணிரலாம்."

"வெளக்கு வச்ச நேரத்துல செருப்ப உள்ள கொண்டாராத."

"செருப்பு இல்லப்பா. பிராண்ட் நியூ. தரையில படவே இல்ல."

"புதுசுன்னா? கால்ல போடுததுதான? ஃபின்ஸ்தான் கச்சிதமா இருக்குல்லா, அப்புறம் என்ன? போ, மூஞ்சிய கழுவு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இதைச் சொன்னது என் மனைவி அல்ல. நான்தான்.

ஃபின்ஸையாவது வெளியே எடுத்துப்போய் வாசலை ஒட்டிய மாடிப்படியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கம்பெனியில் ஒரு பட்டையைத் தனியாக அளந்து பாஸ் பண்ணினால் என்னையே திட்டுவார்கள். அது உட்காரப்போகும் கதவில் மாட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் வாடகை வண்டியில் அவர்களோடு நானும் போனேன். கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். அவளும் அவளோடு பயிற்சி பெற்ற இன்னொரு பெண்ணும், ஃபின்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, சருக்குப் பின்னால் தண்ணீரில் இறங்கினார்கள். பூட்ஸ் பாறையில் நன்றாகப் பிடித்தது. பரவாயில்லை என்று நினைத்தேன்.

இடுப்பளவில் நின்றார்கள். மகள் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். கால் உள்ளே போகவில்லை. குனிந்து அழுத்தினாள். பாதி பாதம் நுழைந்து நின்றுவிட்டது, பட்டை குதிகாலுக்கு எட்டவில்லை. ஒரு அலை வந்தது, சமாளித்தாள். மறுபடி அழுத்தினாள். பெரிதாக ஒன்று திரள்வதை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்றேன். கத்தினேனா என்று தெரியவில்லை.

தலை தெரியவில்லை. சிலிண்டரின் மஞ்சள் அடிப்பாகம் ஒருமுறை மேலே வந்து உருண்டது. சர் பாய்ந்து அவளுடைய தோள்பட்டையைப் பிடித்தபோது அடுத்த அலை இருவரையும் பாறையில் தள்ளியது. அவளைக் கரையில் போட்டு இருமவைத்தார்கள். வாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. முழங்கால் கிழிந்திருந்தது, இடது தோள் இறங்கித் தொங்கியது. ஒரு காலில் அந்த ஃபின் இன்னும் பாதி நுழைந்தபடியே இருந்தது. எவ்வளவு இழுத்தும் எனக்கு அதைக் கழற்ற வரவில்லை.

அவள் பேசத் தொடங்கியதும் சர் கோபமாகக் கேட்டார்: பூட்ஸோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தாயா, இல்லையா?

"இல்ல சர். மறந்துட்டேன்."

நான் அவளுடைய நீச்சல் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. புனே வரும்வரை சொல்லவில்லை. முழங்கால் தையல் பிரித்த நாளிலும் சொல்லவில்லை. பஸ்ஸில், குளியலறையில், பட்டைகளை அளக்கும்போது, அந்த மஞ்சள் அடிப்பாகம் உருளும். அளந்ததை மறுபடி அளப்பேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மறுபடி போகிறேன் என்றாள். என் மனைவி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு என்னிடம், "நீங்க சொன்னா கேப்பா. சொல்லுங்க" என்றாள். நான் மகளைக் கூட்டிக்கொண்டு கேம்ப்புக்குப் போய் லார்ஜ் சைஸ் எடுத்துவந்தேன். பூட்ஸோடு வீட்டில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பழக்கத்தில் ஃபின்ஸை மட்டும் உள்ளே கொண்டுவந்தாள். நான் வெளியே போய் ஸ்டாண்டிலிருந்து பூட்ஸை எடுத்துவந்து ஹால் நடுவில் வைத்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுக்களை வாசலிலிருந்து என் மனைவி பார்த்தாள்.

"தொடச்சிட்டாவது வச்சிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மகள் பூட்ஸை மாட்டி எழுந்தாள். நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். கால் சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. சுருள்பட்டை குதிகாலில் ஏறி உட்கார்ந்தது. கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது.

டைட்டாக இருக்கிறது என்று சொல்லலாம் என்று தோன்றியது. ரப்பர் விஷயத்தில் நான் சொன்னால் அவள் நம்புவாள். புதிது வரவழைப்பதற்குள் சீசன் போய்விடும்.

"என்னப்பா, பாஸா ஃபெயிலா?"

"அன்னைக்கு சர் கேட்டப்போ மறந்துட்டேன்னு சொன்ன. நீ மறக்கல. நாந்தான் கொண்டாராதன்னேன்."

"தெரியும்பா." என் தோளில் இருந்த கை நகரவில்லை. "கால் வலிக்கி. சொல்லுங்க."

"சரியா இருக்கு" என்றேன். "கழட்டிட்டு இன்னொரு வாட்டி போடு."

போட்டாள். மறுபடி கழற்றச் சொன்னேன். நாலாவது தடவை அவள் ஒன்றும் கேட்காமலே காலைத் தூக்கினாள்.